அந்த ரத்தப் பரிசோதனை முதலில் வர வேண்டிய இடம் உங்கள் ஊர்

கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சிஸ்டர்களுக்கு,

அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டுகளில் பணியாற்றி ஓய்வு பெற்ற மகப்பேறு மருத்துவர் நான். நீங்கள் 108-ல் ஏற்றி அனுப்பும் தாய்மார்களை இறக்கிக்கொள்ளும் இடத்தில் நின்றவள். எத்தனையோ இரவுகளில் உங்கள் கையெழுத்தில் வந்த ரெஃபரல் சீட்டைப் படித்துத்தான் என் வேலை தொடங்கியது. "பி.பி. 150/100, ஆல்புமின் 2+, தலைவலி" என்று அதில் ஒரு வரி இருந்தால் போதும், ஸ்ட்ரெச்சர் வார்டுக்குள் நுழையும் முன்பே மருந்தை எடுத்து வைத்துவிடுவோம்.

இப்போது எழுதக் காரணம், நகரத்து லேப்களில் விற்கப்படும் ஒரு ரத்தப் பரிசோதனை. கர்ப்ப காலத்தில் வரும் பிரஷரை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் என்று விளம்பரம் செய்கிறார்கள். கோவையிலோ சென்னையிலோ கணவரோடு இருந்துவிட்டு வளைகாப்புக்காக ஊர் திரும்பும் பெண்கள் அந்த ரிப்போர்ட்டை உங்களிடம் நீட்டுகிறார்கள். பி.எல்.ஜி.எஃப்., எஸ்.எஃப்.எல்.டி-1 என்று பழக்கமில்லாத பெயர்கள், பக்கத்தில் ஓர் எண், "ஹை ரிஸ்க்" என்று தடித்த எழுத்து. "இது என்ன சிஸ்டர், பிள்ளைக்கு ஏதாச்சும் கோளாறா?" என்று அந்தப் பெண் கேட்கும்போது சொல்ல வேண்டிய பதிலை உங்களில் பலருக்கும் யாரும் சொல்லித்தரவில்லை.

வசதியுள்ளவர்கள் எடுத்துக்கொள்ளும் டெஸ்ட், நமக்கு எதற்கு என்று அதை ஒதுக்கிவிடாதீர்கள். ஐ.சி.யு. பத்து நிமிடத்தில் எட்டிவிடும் தூரத்தில் குடியிருக்கும் பெண்ணைவிட, உங்கள் துணை சுகாதார நிலையத்துக்கு நடந்து வரும் பெண்ணுக்குத்தான் இந்தப் பரிசோதனை அதிகம் தேவை. அது உங்கள் கைக்கு வர வேண்டும், நீங்கள் கேட்டால்தான் வரும். இதைச் சொல்லத்தான் இந்த மடல்.

கர்ப்ப காலத்தில் வரும் பிரஷரை பி.ஐ.எச். என்று ரிஜிஸ்டரில் சுருக்கமாக எழுதுகிறோம். அதில் ஆபத்தான வகையான பிரீ-எக்ளாம்ப்சியாவில் பிரஷர் பின்னால்தான் ஏறுகிறது. நோய் பிடிப்பது முதலில் நஞ்சில். கர்ப்பத்தின் முதல் பாதியில் நஞ்சின் செல்கள் கர்ப்பப்பைச் சுவருக்குள் இறங்கி, அங்கே சுருள் சுருளாக இருக்கும் ரத்தக் குழாய்களை அகலப்படுத்த வேண்டும். கடைமடை வயலுக்குத் தண்ணீர் ஏற வாய்க்காலை வெட்டி அகலமாக்குவது போன்ற வேலை அது. சிலருக்கு அந்த வேலை பாதியில் நின்றுபோகிறது. குழந்தை வளர வளர, குறுகலான குழாய்கள் வழியாக வரும் ரத்தம் போதவில்லை. திணறும் நஞ்சு தாயின் ரத்தத்தில் சில புரதங்களை அளவுக்கு மீறிக் கொட்டத் தொடங்குகிறது.

அவற்றில் ஒன்றுதான் எஸ்.எஃப்.எல்.டி-1. பி.எல்.ஜி.எஃப். அதற்கு எதிர்ப்பக்கம் நிற்பது. நஞ்சு நன்றாக வேலை செய்யும்போது தாராளமாகச் சுரக்கும் புரதம், ரத்தக் குழாய்களின் உள் பூச்சு நலமாக இருக்க உதவுவது. எஸ்.எஃப்.எல்.டி-1 அதைப் பிடித்துக் கட்டிப்போட்டுவிடுகிறது. காப்பு இழந்த உள் பூச்சு உடலெங்கும் பழுதடைகிறது. சிறுநீரகத்தின் வடிகட்டி ஒழுகினால் நீங்கள் பார்க்கும் ஆல்புமின். ஈரல் பாதிக்கப்பட்டால் மேல் வயிற்றில் வலி. மூளை வீங்கினால் தலைவலி, கண் மங்கல், கடைசியில் ஜன்னி. வேறு வேறு உறுப்பில் வரும் இத்தனை தொல்லைக்கும் வேர் ஒன்று என்று தெரிந்துகொள்ள மருத்துவ உலகத்துக்கு வெகு காலம் பிடித்தது.

அதைக் கண்டுபிடித்தவர்களில் முன்னால் நிற்பவர் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. டாக்டர் அனந்த் கருமாஞ்சி. மகப்பேறு மருத்துவர் அல்லர், சிறுநீரக மருத்துவர். பாஸ்டனின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில் அவரும் கூட்டாளிகளும், பிரீ-எக்ளாம்ப்சியா வந்த தாய்மார்களின் நஞ்சு இந்த எஸ்.எஃப்.எல்.டி-1 புரதத்தை அதிகமாக உண்டாக்குவதைக் கண்டார்கள். அதைக் கர்ப்பமுற்ற எலிகளின் உடலில் ஏற்றியபோது பிரஷர் ஏறியது, சிறுநீரில் புரதம் இறங்கியது, சிறுநீரகத்தில் நம் நோயாளிகளுக்கு ஏற்படும் அதே மாற்றம் தெரிந்தது. அந்த ஆய்வு 2003-ல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே, கர்ப்பிணிகள் பற்றிய பழைய ஆய்வு ஒன்றுக்காகச் சேமித்து வைத்திருந்த ரத்த மாதிரிகளை எடுத்துப் பார்த்தார்கள். நோய் வெளியே தெரிவதற்குச் சுமார் 5 வாரம் முன்பே எஸ்.எஃப்.எல்.டி-1 ஏறத் தொடங்கியிருந்தது. பி.எல்.ஜி.எஃப். அதற்கும் முன்பே குறைந்திருந்தது. நம் கஃபில் பாதரசம் ஏறும் முன்பே ரத்தம் சொல்லிவிடுகிறது என்பது அன்றுதான் உறுதியானது.

இனி ரிப்போர்ட்டுக்கு வருவோம். அதைக் கையில் வாங்கியதும் முதலில், ரத்தம் எடுத்த அன்று எத்தனை வாரம் என்று பாருங்கள். ஒரே புரதத்தை வைத்து இரண்டு வேறு கேள்விகளுக்குப் பதில் தேடுகிறார்கள். 11 முதல் 14 வாரத்துக்குள் எடுத்திருந்தால் அது "இந்தப் பெண்ணுக்குப் பின்னால் நோய் வர எவ்வளவு வாய்ப்பு" என்ற கணக்கு. 20 வாரத்துக்குப் பிறகு, பிரஷரோ வீக்கமோ கண்டு சந்தேகப்பட்டு எடுத்திருந்தால், "இப்போது நடப்பது அந்த நோய்தானா" என்ற கேள்வி. முதலாவதில் "ஹை ரிஸ்க்" என்று வந்தால் நோய் வந்துவிட்டதாகப் பொருள் இல்லை. மிரண்டுபோய் நிற்கும் பெண்ணிடமும் அவள் மாமியாரிடமும் முதலில் இதைச் சொல்லுங்கள்.

இரண்டாவது கேள்விதான் நம் ஊருக்கு மிக முக்கியம் என்பது என் எண்ணம். எஸ்.எஃப்.எல்.டி-1 அளவை பி.எல்.ஜி.எஃப். அளவால் வகுத்து வரும் விகிதத்தைப் பார்ப்பார்கள். 14 நாடுகளில் நடந்து 2016-ல் வெளிவந்த ஆய்வில், பிரீ-எக்ளாம்ப்சியா என்று சந்தேகிக்கப்பட்ட பெண்களுக்கு அந்த விகிதம் 38 அல்லது அதற்குக் கீழ் இருந்தால், அடுத்த ஒரு வாரத்துக்குள் நோய் வராது என்பது நூற்றுக்கு 99-க்கு மேல் சரியாக இருந்தது. சீனா, ஜப்பான், சிங்கப்பூர், தாய்லாந்து போன்ற ஆசிய நாடுகளில் பின்னர் செய்து பார்த்தபோதும் ஏறத்தாழ அதே பதில்தான் வந்தது. மறுபக்கம் அவ்வளவு உறுதியானதல்ல. 38-ஐத் தாண்டியவர்களில் நாலு வாரத்துக்குள் நோய் கண்டவர்கள் நூறில் 37 பேர் அளவுதான். விகிதம் ஏறியிருந்தால் நெருங்கிக் கவனிக்க வேண்டும், அவ்வளவே. அதைக் காட்டி மட்டும் சிசேரியனுக்கு நாள் குறிக்க முடியாது. பரிசோதனையின் பெரிய பலம் "இப்போதைக்கு இல்லை" என்று சொல்வதில் இருக்கிறது.

"இல்லை" என்று சொல்வதில் என்ன பெரிய லாபம் என்று தோன்றலாம். செவ்வாய்க்கிழமை உங்கள் பி.எச்.சி.யில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். பெஞ்சு நிறையப் பெண்கள். ஒருத்தி 31 வாரம். பிரஷர் 138/88. ஆல்புமின் டிரேஸ். காலில் அழுத்தினால் லேசாகக் குழி விழுகிறது. எட்டு மாதத்தில் யாருக்குத்தான் விழாது? தலைவலி இருக்கிறதா என்றால் "வெயில்ல நடந்து வந்தேன்ல சிஸ்டர்" என்கிறாள். அனுப்புவதா, வைத்துப் பார்ப்பதா? அனுப்பினால் பெரியாஸ்பத்திரி அறுபது கிலோமீட்டர். மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. கணவர் திருப்பூர் பனியன் கம்பெனியில். இரண்டு ஆடு, ஒரு கறவை. "அடுத்த வாரம் பார்த்துக்கலாமே" என்று அவள் கெஞ்சுகிறாள். முடிவு எடுக்க உங்களிடம் இருப்பது ஒரு கஃபும் ஒரு சிறுநீர்க் குச்சியும்.

இப்படிப்பட்ட ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். ஏழாம் மாதத்தில் அவளுடைய சிஸ்டர் சரியாகச் சந்தேகப்பட்டு அனுப்பிவைத்தார். ஒரு பெரிய மருத்துவமனையில் சில நாள் படுக்க வைத்தார்கள். பிரஷர் இறங்கியிருந்தது, "ஒன்றும் இல்லை, போ" என்று அனுப்பிவிட்டார்கள். வராந்தாவில் பாய் போட்டுப் படுத்திருந்த அவள் அம்மாவுக்கு அந்த நாட்கள் வீண் அலைச்சலாகத் தெரிந்தன. மூன்று வாரம் கழித்து அதே சிஸ்டர் மறுபடி சீட்டு எழுதியபோது வீட்டில் யாரும் அசையவில்லை. "போன தடவையும் இப்படித்தான் பயமுறுத்தினீங்க" என்றார்களாம். அடுத்து அவள் எங்களிடம் வந்து சேர்ந்தது நள்ளிரவில், நாக்கைக் கடித்துக்கொண்டு, நினைவில்லாமல். அவளைக் காப்பாற்ற முடிந்தது. குழந்தையைக் காப்பாற்ற முடியவில்லை.

சிஸ்டர் சந்தேகப்பட்டதும் சரி, மருத்துவமனை அனுப்பிவைத்ததும் அன்றைய எண்களைப் பார்த்தால் தவறில்லை. இரண்டுக்கும் நடுவே உறுதியாகப் பதில் சொல்ல ஒரு கருவி இல்லை. முதல் தடவையே அந்த விகிதம் தெரிந்திருந்தால், குறைவாக இருந்தால் அவளை வீட்டிலேயே வைத்துப் பார்த்திருக்கலாம், குடும்பத்தின் நம்பிக்கையும் செலவாகியிருக்காது. அதிகமாக இருந்திருந்தால் பிரஷர் இறங்கினாலும் அவளை விட்டிருக்க மாட்டார்கள். தேவையில்லாமல் அனுப்பும் ஒவ்வொரு தடவையும் உங்கள் வார்த்தையின் மதிப்பைக் கொஞ்சம் தின்றுவிடுகிறது. நகரத்தில் "நாளைக்கு மறுபடி வாங்க, பார்க்கலாம்" என்பது ஆட்டோ செலவு. உங்கள் ஊரில் அது ஒரு குடும்பத்தின் இரண்டு நாள் பிழைப்பு. ஆகவேதான் "இப்போதைக்கு இல்லை" என்று உறுதியாகச் சொல்லும் பரிசோதனைக்கு அங்கே மதிப்பு கூடுகிறது.

பிரிட்டனில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 11 மருத்துவமனைகள், ஆயிரத்துச் சொச்சம் தாய்மார்கள்; 2019-ல் முடிவு வெளியானது. பி.எல்.ஜி.எஃப். முடிவை மருத்துவர்களுக்குக் காட்டியபோது, நோயை உறுதி செய்ய ஆகும் காலம் 4.1 நாளிலிருந்து 1.9 நாளாகக் குறைந்தது. தாய்க்கு ஏற்படும் கடும் சிக்கல்களும் குறைந்தன. அந்த நாட்டு அரசு மருத்துவத்துக்கு வழிகாட்டும் அமைப்பு 2016-லேயே இந்தப் பரிசோதனையை ஏற்று, 2022-ல் இன்னும் விரிவாகப் பரிந்துரைத்தது. அமெரிக்கா 2023-ல் அனுமதித்தது. அதே பரிசோதனையைத் திரும்பத் திரும்ப எடுப்பதால் பலன் கூடுகிறதா என்றும் பிரிட்டனில் பின்னர் பார்த்தார்கள், கூடவில்லை. வாராவாரம் ரத்தம் எடுக்கச் சொல்லி எந்த லேப் சொன்னாலும் உங்கள் பெண்களிடம் வேண்டாம் என்று சொல்லலாம். மருத்துவர் காரணத்தோடு கேட்டால் அது வேறு.

சில எல்லைகளையும் மனதில் வையுங்கள். 37 வாரம் முடிந்தவளுக்கு இந்தப் பரிசோதனையால் பெரிய உதவி இல்லை. அப்போது நோய் உறுதியானால் பிரசவம் பார்ப்பதுதான் வழி. பி.எல்.ஜி.எஃப். கடைசி மாதங்களில் இயல்பாகவே குறையும். இரட்டைக் குழந்தை என்றால் அளவுகள் மாறும். குழந்தையின் வளர்ச்சி குன்றியிருந்தாலும் பி.எல்.ஜி.எஃப். குறையும், அதுவும் கவனிக்க வேண்டிய செய்திதான். ஒரு கம்பெனி மெஷினில் வந்த எண்ணை இன்னொரு கம்பெனி மெஷினில் வந்த எண்ணோடு ஒப்பிடக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. பிரஷர் 160/110-ஐத் தொட்டுவிட்டால், அல்லது கடும் தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்று வலி வந்துவிட்டால், எந்த ரத்தப் பரிசோதனையின் முடிவுக்கும் காத்திருக்காதீர்கள். பிரீ-எக்ளாம்ப்சியா முற்றிய நிலையிலோ ஜன்னி கண்டாலோ, அனுப்பும் முன் மெக்னீசியம் சல்பேட் முதல் டோஸை, ஒவ்வொரு புட்டத்திலும் 5 கிராம் வீதம் ஆழமாகப் போட, மத்திய அரசின் வழிகாட்டுதலே உங்களுக்கு அனுமதி தந்திருக்கிறது. 33 நாடுகளில் பத்தாயிரம் பெண்களை வைத்து நடந்து 2002-ல் வெளிவந்த ஆய்வில் இந்த மருந்து ஜன்னியைப் பாதிக்கும் மேல் குறைத்தது. மலிவான மருந்து. கிட்டில் இருக்கிறதா, காலாவதி ஆகவில்லையா என்று மாதம் ஒரு முறை பாருங்கள். ஊசி போடக் கை நடுங்குகிறது என்றால் அடுத்த பயிற்சியில் கூச்சப்படாமல் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.

புதிய பரிசோதனை வரும் வரை பழைய ரத்தப் பரிசோதனைகளைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். தட்டணுக்கள் ஒரு லட்சத்துக்குக் கீழ், கிரியேட்டினின் 1.1-க்கு மேல், எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இயல்பைவிட இரண்டு மடங்கு. இவற்றில் எது இருந்தாலும், பிரஷரும் இருந்தால், ஆல்புமின் இல்லை என்றாலும் அது பிரீ-எக்ளாம்ப்சியாதான். "யூரின் கிளியர்" என்று எழுதி நிம்மதியாக அனுப்பிவிடும் வழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. இந்தச் சோதனைகள் தாலுகா மருத்துவமனையில் கிடைப்பவை. ஆனால் இவை கெட்டுப்போகும்போது உறுப்பு ஏற்கெனவே அடிபட்டிருக்கும். பி.எல்.ஜி.எஃப். அதற்கு முன்னால் பேசுகிறது.

அந்தப் பரிசோதனை யாருக்கு வேண்டும் என்று முதலில் தேர்ந்தெடுப்பது உங்கள் கஃப்தான். ஜாக்கெட் கையின் மேல் சுற்றாதீர்கள். வேகமாக நடந்து வந்தவளை முதுகு சாய்த்து, கால் தரையில் பட உட்காரவைத்து, ஐந்து நிமிடம் விடுங்கள். அந்த ஐந்து நிமிடம் பேச்சுக்கும் ஆகாது, மாத்திரை வாங்கவும் ஆகாது. கை இதயத்தின் உயரத்தில் இருக்கட்டும். பருத்த கைக்குப் பெரிய கஃப் கேட்டு வாங்குங்கள். சின்னக் கஃப் பிரஷரைக் கூட்டிக் காட்டும். கூட்டம் அலைமோதும்போது 120/80, 110/70 என்று கடகடவென்று வரிசையாக எழுதிக்கொண்டே போகும் பக்கங்களைப் பார்த்திருக்கிறேன். உண்மையில் அளந்த பிரஷர் 126, 134, 118 என்று ஒழுங்கில்லாமல்தான் இருக்கும். சிறுநீரைச் சோதனைக் குழாயில் எடுத்து, ஸ்பிரிட் விளக்கில் மேல் பகுதியைச் சூடாக்கி, கலங்கினால் அசெட்டிக் ஆசிட் இரண்டு சொட்டு விட்டு, கலங்கல் போகிறதா நிற்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த மூத்த சிஸ்டர்கள் உங்களில் இன்னும் இருப்பார்கள். குச்சி தீர்ந்துபோன நாளில் அந்தக் கை வேலையை இளையவர்களுக்குக் காட்டிக் கொடுங்கள்.

முதல் மூன்று மாதப் பரிசோதனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பி.எல்.ஜி.எஃப்., பிரஷர், ஸ்கேனில் கர்ப்பப்பை ரத்தக் குழாயின் ஓட்டம், பெண்ணின் உடல்நல வரலாறு எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, ஆபத்து அதிகம் என்று தெரிந்தவர்களுக்கு இரவில் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்துப் பார்த்தார்கள். 1,776 பெண்கள்; 2017-ல் முடிவு வந்தது. 37 வாரத்துக்கு முன்பே வரும் பிரீ-எக்ளாம்ப்சியா 4.3 சதவீதத்திலிருந்து 1.6 சதவீதமாகக் குறைந்தது. இத்தனை மலிவான மாத்திரை இவ்வளவு செய்வது மகப்பேறு மருத்துவத்தில் அபூர்வம். ஆனால் 16 வாரத்துக்கு முன் தொடங்க வேண்டும். நஞ்சு வேர்விடும் காலம் போன பிறகு கொடுத்தால் பலன் குறைந்துவிடும்.

அந்தக் கணக்குப் போடும் வசதி இல்லாத இடத்திலும் வரலாற்றைக் கேட்டே பலரைப் பிடித்துவிடலாம். முந்தைய பிரசவத்தில் பிரஷர் ஏறியவள், முன்பே பிரஷரோ சர்க்கரையோ சிறுநீரக நோயோ இருப்பவள், இரட்டைக் குழந்தை சுமப்பவள். இவர்களில் ஒருத்தி என்றாலே மருத்துவரிடம் ஆஸ்பிரின் பற்றிக் கேளுங்கள். தலைச்சன் பிள்ளை, வயது 35-க்கு மேல், உடல் பருமன், தாய்க்கோ அக்காவுக்கோ இதே நோய், முந்தைய பிரசவத்துக்குப் பின் பத்து ஆண்டுக்கு மேல் இடைவெளி; இவற்றில் இரண்டு சேர்ந்தாலும் கேளுங்கள். மாத்திரையை நீங்களாகத் தொடங்க வேண்டாம், மருத்துவர் எழுதட்டும். நீங்கள் செய்ய வேண்டியது 12 வாரத்துக்குள் பதிவு செய்துவிடுவது. பிக்மி எண் வாங்குவதை நிதியுதவிக்கான சடங்காக மட்டும் பார்க்கும் வீடுகளில், அதைச் சீக்கிரம் செய்வதற்கு இப்படி ஒரு காரணமும் உண்டு என்று சொல்லுங்கள். எலும்புக்கு என்று நினைத்துப் பெண்கள் பாதியில் நிறுத்திவிடும் கால்சியம் மாத்திரைக்கும் இந்த நோயைக் குறைக்கும் குணம் உண்டு. காலில் வீக்கம் கண்டதும் உப்பில்லாக் கஞ்சி கொடுத்து மூலையில் படுக்க வைப்பதால் மட்டும் இந்த நோயைத் தடுக்க முடியாது என்பதையும் பாட்டிமார்களிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டியிருக்கும்.

அடுத்தது வளைகாப்பு. ஏழிலோ ஒன்பதிலோ வளையல் அடுக்கி அவளைத் தாய் வீட்டுக்கு அனுப்புகிறோம். நோய் தலைகாட்டும் வாரங்களும் அவையேதான். அதுவரை அவளுடைய பிரஷரைக் கையிலேயே வைத்திருந்த சிஸ்டர் ஒருவர், இனி பார்க்கப் போகிறவர் வேறு ஒருவர், வேறு மாவட்டமாகக்கூட இருக்கலாம். பழைய பிரஷர் 100/60 என்று தெரிந்தவருக்கு 136/86 பெரிய ஏற்றம். தெரியாதவருக்கு அது நார்மல். கணினியில் எண் போட்டால் விவரம் வரும், உண்மைதான். இருந்தாலும் அவள் கிளம்பும் வாரத்தில் அந்த ஊர் சிஸ்டருக்கு ஒரு போன் போட்டு, "இவளுக்கு நாலாம் மாதம் இவ்வளவு, இப்போது இவ்வளவு" என்று சொல்லுங்கள். தாய் சேய் நல அட்டையை அவள் பெட்டியில் வைத்துக் கட்டுகிறாளா என்று பாருங்கள். வருங்காலத்தில் பி.எல்.ஜி.எஃப். முடிவும் அந்த அட்டையோடு பயணம் செய்ய வேண்டும்.

அது எப்படி வரும்? கனவு காணச் சொல்லவில்லை. இந்தப் பரிசோதனைக்கென்று தனிக் கட்டடமோ பெரிய ஆய்வுக்கூடமோ வேண்டாம். தைராய்டு ஹார்மோனை அளக்கும் தானியங்கி இயந்திரங்களிலேயே இதையும் ஓட்ட முடியும். வேண்டியது அதற்கான கிட். அப்படிப்பட்ட இயந்திரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை லேப்களுக்குப் புதிதல்ல. மருந்தை மொத்தமாக வாங்கி விலையைக் குறைத்துக் காட்டிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-லிருந்து நம்மிடம் இருக்கிறது. இன்று ஒரு கூலிக்காரரின் பல நாள் சம்பளத்தை விழுங்கும் கிட், மாநிலம் முழுக்க ஒரே கொள்முதலாக வாங்கினால் அந்த விலையில் நிற்காது. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் எடுக்க வேண்டியதும் இல்லை. 20 வாரம் கடந்து, 37 வாரம் ஆகாத, நீங்கள் சந்தேகப்படும் பெண்களுக்கு மட்டும். உங்கள் பி.எச்.சி.யில் ரத்தம் எடுத்து மாவட்டத் தலைமையிடத்துக்கு அனுப்பி, அன்றோ மறுநாளோ பதில் போனில் வந்தால் போதும்.

இந்திய நிலவரத்தில் இதன் அளவுகோல்கள் எப்படி இருக்கும், எந்த எண்ணில் அனுப்புவது, எந்த எண்ணில் வைத்துப் பார்ப்பது என்பதையெல்லாம் நம் மருத்துவக் கல்லூரிகள் உட்கார்ந்து முடிவு செய்யட்டும். அது அவர்கள் வேலை. 31 வாரத்தில் 138/88 என்ற எண்ணை வைத்துக்கொண்டு முடிவு எடுக்க முடியாமல் தவிப்பது எப்படி என்பது அவர்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். ஆகையால் அதை நீங்கள் சொன்னால்தான் அந்த மேசைக்குப் போய்ச் சேரும். 2018-20 கணக்கில், உயிருடன் பிறக்கும் லட்சம் குழந்தைகளுக்கு 54 தாய்மார்களைத் தமிழ்நாடு இழந்தது. நாடு முழுவதற்குமான சராசரி 97. அந்த இடைவெளியை உண்டாக்கியதில் உங்கள் நடைக்குப் பெரிய பங்கு உண்டு. மீதமிருக்கும் மரணங்களைத் தடுக்க நடை மட்டும் போதாது, கையில் கருவியும் வேண்டும்.

பிரசவத்தோடு விட்டுவிடாதீர்கள் என்பதையும் எழுதிவிடுகிறேன். நஞ்சு வெளியேறிவிட்டால் நோயும் போய்விட்டது என்று எல்லோரும் மூச்சுவிடும் மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள்தான் பிரஷர் மறுபடி உச்சிக்கு ஏறும். அப்போது அவள் வீட்டில் பத்தியச் சாப்பாட்டில் இருப்பாள். அந்த வாரம் நீங்கள் குழந்தையைப் பார்க்கப் போகும்போது தாயின் கையிலும் கஃபைச் சுற்றுங்கள். இந்த நோய் கண்ட பெண்ணுக்குப் பிற்காலத்தில் மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு மற்றவர்களைப்போல் இரண்டு மடங்கு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் பிரஷர் பார்க்கும் உங்கள் சகோதரிகளிடம் அவள் பெயரைக் கொடுத்துவையுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். இந்த மாதம் பி.ஐ.எச். சந்தேகத்தில் நீங்கள் அனுப்பிய ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு வரி: எத்தனை வாரம், பிரஷர் எவ்வளவு, போனாளா மறுத்தாளா, போனவளை எத்தனை நாளில் அனுப்பிவிட்டார்கள், கடைசியில் நோய் இருந்ததா. பெயர் வேண்டாம். ஒரு பிளாக்கில் இருக்கும் சிஸ்டர்கள் எல்லோரும் மூன்று மாதம் எழுதினால், வீணாக அலைந்தவர்கள் எத்தனை பேர், போகாமல் அகப்பட்டுக்கொண்டவர்கள் எத்தனை பேர் என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். அந்தப் பக்கங்களை எடுத்துக்கொண்டு மாதாந்திர ரிவ்யூ மீட்டிங்கில் வட்டார மருத்துவ அலுவலரிடம் கேளுங்கள்: "பி.எல்.ஜி.எஃப். டெஸ்ட் நம் மாவட்டத்துக்கு எப்போது வரும், சார்?" அவர் மேலே கேட்கிறேன் என்பார். அடுத்த மாதமும் கேளுங்கள்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற மகப்பேறு மருத்துவர் ஒருவர்